தனி மெஷின்

என்னைத் தொழிலதிபர் என்று சொல்கிறார்கள். கும்மிடிப்பூண்டி பைபாஸிலிருந்து உள்ளே திரும்பி, இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகளின் புகையைத் தாண்டி வந்தால் என் சலவைக்கூடம் இருக்கிறது. நான்கு மெஷின், பதினோரு பேர் வேலை. மஸ்கட்டில் பதினாலு வருஷம் அடுத்தவன் துணியைத் துவைத்தவன் ஊருக்குத் திரும்பி வந்து சொந்தமாகத் தொழில் வைத்தான், நாலு குடும்பத்துக்குச் சோறு போடுகிறான் என்று சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. போன மாதம் பக்கத்து ஐடிஐயில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். போய்ப் பேசினேன். உழைப்பு, நேர்மை, தரம் என்று வாயில் வந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். கைதட்டினார்கள். அதற்கப்புறம் இரண்டு நாள் கண்ணாடியில் என் மூஞ்சியை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. மன்னிக்க வேண்டியவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

மஸ்கட்டில் நான் இருந்தது பெரிய சலவை நிறுவனம். ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்பும் துண்டும் வரும். ஆபீஸ்காரர்களின் சட்டை வரும். கட்டட வேலைக்காரர்கள் தங்கியிருந்த கேம்ப்பிலிருந்து எண்ணெயும் சிமெண்டும் படிந்த உடுப்புகள் மூட்டை மூட்டையாக வரும். அங்கே தண்ணீரைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவு செய்வார்கள். ஓட்டல் துணியை அலசிய தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, அந்தத் தண்ணீரில்தான் கேம்ப் துணியைப் போடுவோம். அதற்கென்று மூலையில் ஒரு பழைய மெஷின் தனியாக நிற்கும். என் துணியும் கேம்ப் துணிதான். எவனோ ஒருவன் தேனிலவுக்கு வந்து உருண்டு புரண்ட விரிப்பின் அழுக்குத் தண்ணீரில் என் சட்டையை என் கையாலேயே போட்டு, என் கையாலேயே எடுத்து, மறுநாள் அதையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். முதல் வருஷம் அழுகை வந்தது. இரண்டாவது வருஷம் கோபம் வந்தது. அப்புறம் பழகிப்போய்விட்டது. ஆனால் மனசுக்குள் ஒன்றை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டேயிருந்தேன். எனக்கென்று ஒரு கூடம் வந்தால் மேனேஜர் துணியும் தரை கூட்டுகிறவர் துணியும் ஒரே டிரம்மில், ஒரே தண்ணீரில் சுற்ற வேண்டும்.

இதைச் சொல்லும்போது சிரிக்காதவர் என் அண்ணன் ஒருவர்தான். அவருக்குக் காரணம் தெரியும். எங்கள் அப்பா ஆரணி ஆற்றுப் பக்கம் அடுத்தவர் கழனியில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். ஊர் டீக்கடையில் எங்களுக்கென்று வெளியே ஆணியில் இரண்டு கிளாஸ் தொங்கும். குடித்துவிட்டு நாங்களே கழுவி மாட்டிவிட்டு வர வேண்டும். அண்ணன் என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஒருநாள் அந்த கிளாஸைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு அடி வாங்கியவர். பிறகு கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்தபோது லாரிக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து, பர்மனென்ட் ஆகி, சங்கத்தில் கமிட்டி மெம்பர் ஆனார். எங்கள் தெருவில் முதலில் மாடி கட்டியவர் அவர். சர்ச் கமிட்டியிலும் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. நான் விமானம் ஏறியதும் அவர் தயவில்தான், இறங்கி வந்ததும் அவர் தைரியத்தில்தான்.

"இங்க எத்தினி கம்பெனி கீது, அத்தினி பேருக்கும் யூனிபாரம் கீது. எவன்டா தொவைக்கிறான்? பொண்டாட்டிதான் உக்காந்து தேச்சிக்கினு கீறா. நீ வந்து போடு, எங்க கம்பெனி ஆர்டர நான் வாங்கித் தரேன்" என்று போனில் சொன்னார். சொன்ன மாதிரியே வாங்கியும் கொடுத்தார். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்து பார்க்கும்போது தொழிலாளர்கள் எண்ணெய்ச் சட்டையோடு நிற்கக் கூடாது என்று அந்தக் கம்பெனிக்கும் ஒரு கவலை இருந்தது. பர்மனென்ட்காரர்களுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்ட்காரர்களுக்குச் சாம்பல் நிறம். கான்ட்ராக்டில் இருந்தவர்கள் அநேகமாக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய துணியும் சேர்த்தே ஆர்டர்.

சாக்கு மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தேன். சென்னையில் மூடிப்போன ஓட்டலிலிருந்து பெரிய மெஷின் ஒன்று, பிழிகிற மெஷின் ஒன்று, காயவைக்கிறது ஒன்று என்று வாங்கிப்போட்டேன். பேங்க்கில் வீட்டுப் பத்திரத்தை வைத்தேன். ஒவ்வொரு சட்டையின் காலரிலும் ஒரு நம்பர் தைக்க வேண்டும், அப்போதுதான் யார் துணி யாருக்கு என்று பிரிக்கலாம். அந்த வேலையை என் மனைவி வீட்டிலேயே உட்கார்ந்து சிவப்பு நூலில் செய்தாள். திருவாலங்காட்டுக்காரி, ஊசியும் வாயும் ஒன்றாக ஓடும்.

மெஷினில் துணி போட்டு எடுக்கவும் இஸ்திரி போடவும் ஓர் ஆள் கிடைத்தார். ஒடிசாக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம். கம்பி ஆலையில் சூடான கம்பி பட்டு இடது முன்கை முழுக்கத் தோல் சுருங்கிப்போய், அங்கே வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர். அப்போது அவரை நான் அவன் என்றுதான் சொல்வேன். இப்போது எழுத உட்கார்ந்தால் அவர் என்று வருகிறது. மரியாதை கொடுக்க எனக்கு இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது. அவர் கற்றுக்கொண்ட தமிழ் அசல் கும்மிடிப்பூண்டித் தமிழ். காலையில் வந்ததும் "இன்னா அண்ணா, நாஷ்டா ஆச்சா?" என்பார். நான் "பய்யா, வா, சாப்டு" என்பேன், இந்தியில் அதுவும் அண்ணன்தான். இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட்டிருக்கிறோம். மஸ்கட்டில் என் முதலாளி என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பதை நினைத்து எனக்கு அதில் ஒரு பெருமை.

முதல் மூன்று மாதம் என் ராஜ்ஜியம்தான். நீலமும் சாம்பலும் ஒன்றாகச் சுற்றுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவேன். ஒரே டிரம், ஒரே தண்ணீர் என்று விளக்கம் வேறு. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் எண்ணெய்க்கறை சரியாகப் போகவில்லை என்று கம்பெனியிலிருந்து புகார் வந்தது. மஸ்கட்டில் எந்தத் துணிக்கு எவ்வளவு பவுடர், எத்தனை தண்ணீர் என்பது எனக்குத் தலைகீழாகத் தெரியும். அந்தக் கணக்கைத்தான் இங்கேயும் போட்டேன். நுரை வரவில்லை. பவுடரைக் கூட்டினேன். அதற்கும் கறை போகவில்லை. எண்ணெயை அறுக்கிற காரப் பவுடரையும் இரண்டு பங்காக ஆக்கினேன். கறை போயிற்று. சட்டை பளிச்சென்று வந்தது. எனக்கும் மீசையில் மண் ஒட்டாத திருப்தி.

ஒடிசாக்காரர்தான் முதலில் சொன்னார். அலசி முடித்த சட்டையின் கையை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, சோப்பு நிக்குது. தண்ணி பத்தல" என்றார்.

"ரெண்டு தண்ணி போதும்" என்றேன்.

"இன்னும் ரெண்டு தண்ணி உடு அண்ணா. வழவழன்னு கீது."

எனக்குச் சுருக்கென்றது. போர்வெல்லில் வருவது பாதி கடல் மாதிரி இருக்கும், பழவேற்காடு ஏரி ஒன்றும் தூரத்தில் இல்லை. துவைப்பது அதில்தான், அலசுவதற்கு மட்டும் லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு தண்ணீர் என்றால் இன்னும் ஒரு லாரி. அதைவிட, எனக்குத் துணி துவைக்க ஒருவன் சொல்லிக்கொடுப்பதா என்ற கொழுப்பு. "பதினாலு வருசம் இதான்யா என் வேலை. நீ இஸ்திரிய பாரு" என்றேன். அவர் இஸ்திரி மேஜைக்குத் திரும்பிப் போனார்.

மே மாதத்து வெயில். கம்பெனியில் அரிப்பு ஆரம்பித்தது. கழுத்து, அக்குள், தொடை என்று வேர்வை நிற்கிற இடமெல்லாம் சிவந்து தடித்துப்போனது. முதலில் நாலு பேர், அப்புறம் ஒரு ஷிப்ட் முழுக்க. கம்பெனி டாக்டர் வந்து பார்த்துக் களிம்பு கொடுத்துவிட்டுப் போனார். சாம்பல் சட்டைக்காரர்களும் சொறிந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்களை எவரும் கேட்கவில்லை, பார்க்க மட்டும் செய்தார்கள். பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு அண்ணன் ஷெட்டுக்கு வந்தார். கழுத்தில் பவுடர் அப்பியிருந்தது. உட்காரவில்லை.

"அவனுங்க துணியும் எங்க துணியும் ஒண்ணாவாடா போடற?"

"ஒண்ணாதான். உனக்குத்தான் தெரியுமேண்ணா."

"இனிமே போடாத. தனி மெஷின் வாங்கு. ஒரு ரூம்ல இருவது பேர் படுத்துக்கினு கீறானுங்க, குளிக்கிறானுங்களோ இல்லியோ. அந்த சொறி எங்களுக்கு ஏறிக்கிச்சி. கமிட்டில எல்லாரும் எம்மேல பாயறானுங்க. உன் தம்பி கடைன்னுதான நீ வாங்கிக் குடுத்தன்றானுங்க."

நான் அவரையே பார்த்தேன். "ண்ணா, டீக்கடை கிளாஸ ஒடைச்சது நீதானே?"

அவர் முகம் மாறியது. கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பொறுமையாக, சின்னப் பையனுக்குச் சொல்வது போலச் சொன்னார்: "அது வேற, இது வேறடா. அது சாதி. இது சுத்தம்."

அந்த டீக்கடைக்காரரும் சுத்தம் என்றுதான் சொன்னார். சாதி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதை நான் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எச்.ஆர். அதிகாரியும் மறுநாள் போனில் அதையே சொன்னார். எழுத்தில் எதுவும் தர மாட்டார்களாம். ஆனால் மாதக் கடைசிக்குள் தனி மெஷின் இல்லையென்றால் ஆர்டரை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்களாம். என் கையில் இருந்தது அந்த ஒரு ஆர்டர்தான். அது போனால் ஷெட் போகும், பத்திரம் போகும்.

ஒரு வாரம் வீராப்பாக இருந்தேன். எட்டாம் நாள் ஆவடிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட சின்ன மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து மூலையில் இறக்கினேன். பெரிய மெஷினில் நீலம், சின்னதில் சாம்பல். முதல் நாள் சாம்பல் மூட்டையைப் பிரித்து அந்த மெஷினில் போட்டவர் ஒடிசாக்காரர்தான். அவருடைய அறையில் தங்கியிருந்தவர்களின் துணியும் அந்த மூட்டையில் இருந்தது.

தனி மெஷின் வந்து பத்து நாளாகியும் அரிப்பு நிற்கவில்லை. எப்படி நிற்கும்? அப்போதாவது அவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அண்ணன் மறுபடி வந்தார். மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தி, "மெஷினு தனி, சரி. கை ஒண்ணுதான? அந்த ஆளு கையால அவனுங்க துணியத் தொட்டுட்டு அதே கையால எங்க துணிய மடிக்கிறான். அந்தக் கையப் பார்த்தியா? தோலே ஒரு மாதிரி கீது. அவன நிறுத்து" என்றார்.

"அது நெருப்புக் காயம்ண்ணா. கம்பி சுட்டது."

"இன்னாவோ. திங்கக்கெழமலேர்ந்து அவன் இருக்கக் கூடாது. நான் கமிட்டில சொல்லிட்டேன்."

அது வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரை வைத்துக்கொள்ளவா, ஆர்டரை வைத்துக்கொள்ளவா என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. மனைவியிடம் சொன்னேன். "கைய நீட்டி வேல செய்றவன போ சொல்றதுக்கு வாய் வருமாயா உனக்கு?" என்றாள். வராது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நம்பர் பிய்ந்துபோன சட்டைகள் தைப்பதற்காக வீட்டுக்கு வந்திருந்தன. புழக்கடைத் திண்ணையில் குவித்திருந்ததில் மேலாக அண்ணன் சட்டை கிடந்தது. துவைத்து வந்த நீலச் சட்டை, காலரின் உள்பக்கம் வெள்ளைப் பட்டி. மனைவி புழக்கடையில் மீனுக்கு மஞ்சள் தடவிக் கழுவிக்கொண்டிருந்தாள். காக்கா ஒன்று சட்டைக் குவியலில் வந்து உட்கார, ஈரக்கையோடு ஓடிவந்து அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வெள்ளைப் பட்டியில் அவளுடைய மஞ்சள் விரல்கள் பதிந்தன. அவள் "ஐயோ" என்பதற்குள் அந்த விரல் அடையாளங்கள் சிவந்தன. மஞ்சள் போய் ரத்தச் சிவப்பாக ஆயின.

"இன்னாயா இது, ஆரத்தித் தண்ணி மாதிரி செவக்குது?" என்றாள்.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால்தான் ஆரத்தி சிவக்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். துவைத்து அலசிய சட்டையில் சுண்ணாம்பு ஏது? சுண்ணாம்பு செய்கிற வேலையைச் செய்தது நான் கொட்டிய காரம். அலசப்படாமல், துணியிலேயே ஊறி, காய்ந்து, வேர்வை பட்டதும் தோலைத் தின்கிற காரம். மஸ்கட்டில் கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுத்துக் கொடுப்பார்கள். அதில் ஒரு சிட்டிகை உப்புக்கூட இருக்காது. கொஞ்சம் பவுடரே நுரைக்கும், இரண்டு தண்ணீரிலேயே அத்தனையும் போய்விடும். அந்தத் தண்ணீரின் கணக்கை இந்த உப்புத் தண்ணீர் ஊருக்குக் கொண்டுவந்து, பவுடரைக் கூட்டி, தண்ணீரை மட்டும் அதே இரண்டில் நிறுத்தியிருந்தேன். பிறந்த ஊர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியவில்லை. ஒடிசாவிலிருந்து வந்தவர் விரலால் தேய்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

இன்னொரு சட்டையை எடுத்து மஞ்சள் தடவினேன். சிவந்தது. இன்னொன்று. அதுவும். ஒரு சட்டையைப் பக்கெட்டில் நாலு முறை அலசி, எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் முக்கி எடுத்துத் தடவினேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. நாலு தண்ணீர், கடைசித் தண்ணீரில் காரத்தை முறிக்கக் கொஞ்சம் புளிப்பு மருந்து. அவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் சட்டையையும் மஞ்சள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் சர்ச்சிலிருந்து வந்து வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவர் எதிரிலேயே தடவிக் காட்டினேன். சிவந்ததைப் பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார். புத்திசாலி. நான் முழுசாகச் சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப அவனுங்க இல்ல" என்றார்.

"இல்லண்ணா. அவனுங்களும்தான் சொறிஞ்சிக்கினு கீறானுங்க. அதுவும் என்னாலதான். நாளைக்கே கமிட்டில சொல்லிடு. நான் வந்து சொல்றேன்னாலும் வரேன். ரெண்டு வாரத்துல சரியாயிடும்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் எழுந்து நின்னு இன்னா சொல்லணும்ன்ற? எந்தம்பி சோப்ப அலசாம குடுத்துட்டான், அது தெரியாம நான் வடக்கத்தியானுங்க மேல பழியப் போட்டுட்டேன்னா? ஷிப்ட் முழுக்க எரிஞ்சிக்கினு கீறானுங்க. நாளைக்கே உன் ஷெட்ட வந்து ஒடைப்பானுங்க. ஆர்டர் அன்னிக்கே போயிடும். என் மூஞ்சில எவன் முழிப்பான்?"

"அந்தாளு இன்னாண்ணா பாவம் பண்ணான்?"

"அவனுக்கு இன்னா, இங்க நூறு கம்பெனி கேட்டு கீது. எந்த கேட்டுல போய் நின்னாலும் வேல. உன் கடை போனா நீ மறுபடி ஏரோப்ளேன் ஏறணும். நாப்பத்தஞ்சி வயசுல எவன்டா உனக்கு விசா குடுப்பான்?" அந்த மஞ்சள் டப்பாவை மூடி என் கையில் கொடுத்தார். "சரி பண்ணு. நாளைலேர்ந்து சரியா அலசு. ஆனா வாயத் தொறக்காத."

அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நான் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வீட்டுக்கு வருகிற வழியிலேயே என் மனசு சமாதானம் தேட ஆரம்பித்துவிட்டது. அவருக்கு ஒரு மாதச் சம்பளம் சேர்த்துக் கொடுத்துவிடலாம், எனக்குத் தெரிந்த ஆலையில் சொல்லிவிடலாம். அயோக்கியத்தனம் செய்யப் போகிறவனுக்கு இப்படிப்பட்ட யோசனைகள் தாராளமாக வரும்.

திங்கட்கிழமை சீக்கிரமே போய் மெஷினை நாலு தண்ணீருக்கு மாற்றிவைத்தேன். புளிப்பு மருந்து வாங்கிக்கொண்டு வந்து ஊற்றினேன். ஓடவிட்டேன். ஏழரைக்கு ஒடிசாக்காரர் வந்தார்.

"இன்னா அண்ணா, நாஷ்டா ஆச்சா?"

"பய்யா, இன்னியோட கணக்க முடிச்சிக்கலாம்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சம்பளக் கவரை நீட்டினேன்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் அண்ணா?"

"நீ ஒண்ணும் பண்ணல. கம்பெனில சொல்றாங்க."

அவர் கவரை வாங்காமல் நின்றார். மெஷின் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு மறுபடி தண்ணீர் எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். ஆறு மாதம் அந்த மெஷினோடு இருந்தவர். திரும்பிப் பார்த்தார். தண்ணீர் மறுபடி வெளியேறியது. மறுபடி எடுத்தது. அவர் விரலை மடக்கினார்.

"நாலு தண்ணி" என்றார்.

அவர் மெஷின் ஓடி முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றார். நான் போகச் சொல்லவில்லை. முடிந்ததும் கதவைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து, வழக்கம் போலக் கையை விரலில் தேய்த்துப் பார்த்தார். மடித்து மேஜையில் வைத்தார். அதன் பிறகு கவரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லாயிருக்கு அண்ணா. இனிமே அரிக்காது" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. வேலை சரியாக வந்துவிட்டதென்று ஒரு வேலைக்காரர் சொல்கிற மாதிரி சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் அப்போது வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. பிற்பாடு அவர் தங்கியிருந்த அறைக்கு ஒருமுறை போனேன். ஊருக்குப் போய்விட்டதாக ஒருவன் சொன்னான், திருப்பூருக்குப் போனதாக இன்னொருவன் சொன்னான்.

பத்து நாளில் அரிப்பு அடங்கியது. இரண்டு வாரத்தில் ஒருவன் கழுத்திலும் ஒரு தடிப்பு இல்லை. கம்பெனி முழுக்க ஒரே பேச்சு. தனி மெஷின் போட்டும் நிற்காதது, அந்த ஆளை நிறுத்தியதும் நின்றுவிட்டது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் தண்ணீரைச் சரிசெய்ததே அவர்களுடைய பேச்சுக்கு முத்திரை குத்திவிட்டது. சாம்பல் சட்டைக்காரர்களுக்கும் அதே வாரத்தில் அரிப்பு நின்றது. அதை எவரும் பார்க்கவில்லை. கம்பெனி கேன்டீனில் சாம்பல் சட்டைக்காரர்களுக்குத் தனி மேஜை போட்டார்களாம். தண்ணீர் குடிக்கிற இடத்தில் தனிக் குழாய் வைத்தார்களாம். அண்ணன்தான் சொன்னார், நல்ல சேதி சொல்கிற மாதிரி.

விஷயம் பரவியது. பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். விலை கேட்கவில்லை, பவுடர் என்ன என்று கேட்கவில்லை. "தனித்தனி மெஷின் வசதி இருக்குன்னு சொன்னாங்களே, இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஆர்டர் கொடுத்தார். அதற்கடுத்து இன்னொருவர். இரண்டு மெஷின் மூன்றாயிற்று, மூன்று நாலாயிற்று. என் தொழில் இப்படித்தான் வளர்ந்தது. ஐடிஐ பிள்ளைகளிடம் தரம் என்று சொன்னேனே, அது இதுதான்.

மனைவி மட்டும் கொஞ்ச நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் வீட்டில் டைல்ஸ் போட்டோம், பேச ஆரம்பித்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பிரியாணி சாப்பிட்டுவிட்டு மாடியில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். கீழே பிள்ளைகள் சத்தம். அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார். கழுத்தில் ஒரு சங்கிலி மின்னியது. பழைய கம்பெனிக் கதைகளையெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர் என் தொடையில் தட்டி, "நைனா, நீ பண்ணதுலியே புத்திசாலித்தனம் எது தெரியுமா? அந்தத் தனி மெஷின் போட்டதுதான். அந்த ஒடிசாக்காரன நிறுத்தினதும்தான். அன்னிலேர்ந்து ஒருத்தனுக்கு அரிப்பு வந்திச்சா சொல்லு?" என்றார்.

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மஞ்சள் சிவந்ததைக் கண்ணால் பார்த்தவர். கதவைச் சாத்திவிட்டு வாயைத் திறக்காதே என்று சொன்னவர். இப்போது அங்கே மறைப்பதற்கு ஆள் யாரும் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது. நடந்தது இன்னதென்று தெரிந்தவர்கள் இனிமேல் உலகத்தில் நானும் என் மனைவியும்தான், அப்புறம் எங்கேயோ இருக்கிற அவர்.

"சொல்லுடா, வந்திச்சா?" என்றார்.

"இல்லண்ணா" என்றேன். "அன்னியோட நின்னுபோச்சி."